உங்களுக்குத் தெரியுமா? உடம்புக்குள் உறங்கும் காசநோய்

● காசநோய்க் கிருமி உடம்புக்குள் போய்விட்டாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிருமி தொற்றிய நூறு பேரில் வாழ்நாளில் என்றாவது நோயாளி ஆகிறவர்கள் ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். மற்றவர்கள் நாற்று நட்டு, களை எடுத்து, பேரன் பேத்தி பார்த்து, வேறு ஏதோ காரணத்தால் கண்ணை மூடுகிறார்கள். உள்ளே இப்படியொரு குடித்தனக்காரன் இருந்தது கடைசிவரை அவர்களுக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது.

● இந்தியாவில் 2019 முதல் 2021 வரை தேசிய அளவில் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் உடம்பில் இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதில் மூன்று பேர். உலக அளவில் நாலில் ஒருவர் என்கிறார்கள். நாம் சராசரியைத் தாண்டித்தான் நிற்கிறோம்.

● உறங்குநிலையில் இருக்கும் கிருமி யாருக்கும் பரவாது. இருமல் இருக்காது, சளியில் கிருமி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மார்பு எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அப்படிப்பட்டவர் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், தாய்ப்பால் கொடுக்கலாம், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைப்பது நோய் முற்றியவர்களுக்குக்கூடத் தேவையில்லாத வேலை. இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் அல்ல. மருமகளின் தட்டைத் தனியே கவிழ்த்து வைக்கிற வீடுகளில் ஜன்னல் மட்டும் எப்போதும் சாத்தியே கிடக்கும். திறக்க வேண்டியது அதைத்தான்.

● குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். மெழுகு போன்ற தடித்த சுவரைப் போர்த்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் வாழும் கிருமி அது. அதனால்தான் மாத்திரையும் மாதக்கணக்கில் தேவைப்படுகிறது.

● கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் அதைச் சுற்றி நெருக்கமாகக் கூடிச் சிறு முடிச்சு கட்டுகின்றன. இது உடம்பு கட்டும் சிறைச்சாலை என்றே மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அந்த முடிச்சுக்குள் நடப்பதை உயிரோடு பார்க்க ஒரு வழி கண்டவர் லலிதா ராமகிருஷ்ணன். உடம்பு கண்ணாடி போலத் தெரியும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு, காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு கிருமியைச் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார். காவலுக்கு வந்த வெள்ளணுக்களையே வாகனமாக்கிக் கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தெரிந்தது. சிறைச்சாலை என்ற பேச்சு பாதி உண்மைதான் என்றாயிற்று. சிதம்பரத்தில் பிறந்து வேதியியலில் நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர்.

● எத்தனை காலம் உறங்கும்? டென்மார்க்கில் 1994-ல் ஒருவருக்குக் காசநோய் வந்தது. அவருடைய தந்தைக்கு 1961-ல் இதே நோய். அன்று எடுத்த கிருமி ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தது. இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அப்பாவிடமிருந்து தொற்றிய கிருமி மகனுக்குள் 33 ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இது விதிவிலக்கு. நோய் வரப்போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வரும் எல்லோருக்குள்ளும் உயிருள்ள கிருமி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பலருடைய உடம்பு அதை எப்போதோ ஒழித்துவிட்டு, சண்டை போட்ட ஞாபகத்தை மட்டும் வைத்திருக்கிறது. ஆகவே ஒருவருக்குக் கிருமி தொற்றியிருக்கிறதா என்ற கேள்வியைவிட முக்கியமானது, அது எப்போது தொற்றியது, அதை எது எழுப்பும் என்பது.

● எழுப்புவதில் முதல் குற்றவாளி பசி. உடல் எடை குறையக் குறையக் காசநோய் அபாயம் ஏறுகிறது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு ஒரு புள்ளி ஏறினால் அபாயம் சுமார் 14 சதவீதம் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு.

அப்படியானால் சோறு போட்டால் கிருமி உறங்கியே கிடக்குமா? இதை நேரடியாகச் சோதித்தே பார்த்தார்கள். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியின் தலைமையில் 2019-ல் தொடங்கி 2022 வரை நடந்த ஆய்வு. சுமார் 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீட்டில் ஒன்றாக வாழும் 10,345 பேர். இவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேர் எடை குறைந்தவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்.

நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்து மாதாமாதம் பை போனது. தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். மந்திரம், மாயம், புது மருந்து எதுவும் இல்லை. பை போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு. சளியில் கிருமி காட்டிப் பிறருக்குப் பரப்பும் வகைக் காசநோய் 48 சதவீதம் குறைவு. 2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

காசநோய்க்கு ஒரு தடுப்பூசியே பெருமைப்படக்கூடிய எண் இது. ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு நாளும் இது ஞாபகத்துக்கு வர வேண்டும். அரிசி வயிற்றை மட்டும் நிரப்பும்; கிருமியைப் பூட்டிவைக்கப் புரதமும் வேண்டும்.

● சிகிச்சையில் இருக்கும் காசநோயாளிக்கு மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பணம் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கு எண் கொடுக்காமல் விட்டவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

● இரண்டாவது குற்றவாளி பீடி, சிகரெட். தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு விழுப்புரம் மாவட்டம். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று 2003-ல் முடிவு வந்தது. ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. பீடிக்கட்டில் புற்றுநோய்ப் படம்தான் போட்டிருக்கிறார்கள். நம்மூருக்குக் காசநோய்ப் படமும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

● சர்க்கரை நோய் இருந்தால் உறங்கும் கிருமி எழும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் 827 காசநோயாளிகளைச் சோதித்து 2012-ல் வெளியான ஆய்வில் 25 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 24 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்டப் பாதி. ஒரு காலத்தில் பணக்கார வியாதி என்று சொல்லப்பட்டதும் ஏழை வியாதி என்று சொல்லப்பட்டதும் இப்போது ஒரே உடம்பில் கூட்டணி போட்டிருக்கின்றன.

● கல் உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்தால் அதை அகற்ற உடம்புக்கு வழி தெரியாது. குவாரி, கிரஷர், கல் அறுக்கும் பட்டறை ஆட்களுக்குக் காசநோய் பல மடங்கு அதிகம். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த அபாயம் கூடவே வரும்.

● 'மூச்சு இரைக்கிறது', 'மூட்டு வலிக்கிறது' என்று போனால் சில இடங்களில் சின்னச் சின்ன மாத்திரை கொடுப்பார்கள். ஒரே நாளில் சொன்னபடி கேட்கும், பசியும் எடுக்கும், முகம் பூரித்துவிடும். பல நேரம் அது ஸ்டீராய்டு. தேவையான நோய்க்கு, மருத்துவர் கண்காணிப்பில் அது உயிர் காக்கும் மருந்து. சீட்டைக் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்கினால், கிருமியைப் பூட்டி வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தியையே அது தூங்க வைத்துவிடும். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் 1962-ல் இறந்தது உடம்பு முழுக்கப் பரவிய காசநோயால். ரத்தக் கோளாறுக்காக அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருஷங்களுக்கு முந்தைய தொற்றுதான் மருந்தால் விழித்துக்கொண்டது என்று அவருடைய மருத்துவர்கள் கருதினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

● எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு, மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும் அபாயம் ஓராண்டிலேயே வந்துசேரும்.

● ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்றினால் சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் வரை நோய்வாய்ப்படலாம். மூளை உறையைத் தாக்கும் காசநோய் வருவதும் இந்த வயதில்தான் அதிகம். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி காப்பாற்றுவது முக்கியமாக இதிலிருந்து.

● அந்த பி.சி.ஜி. பெரியவர்களைக் காக்குமா என்பதற்கு உலகத்துக்கே விடை சொன்னது நம் செங்கல்பட்டு. 1968-ல் தொடங்கி அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் 3.66 லட்சம் பேரைப் பதிவு செய்து, 2.81 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. இத்தனைக்கும் அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே 1930-களில் போட்ட இதே வகை ஊசி ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பாதிக்குப் பாதி பாதுகாப்புக் கொடுத்திருந்தது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு வகைக் கிருமிகள் முன்கூட்டியே உடம்பைப் பழக்கிவிடுவதால் ஊசிக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். கிடைத்தது தோல்விதான்; ஆனால் இத்தனை லட்சம் கிராமத்து மக்கள் கை நீட்டியதால் கிடைத்த தோல்வி. அந்த மக்களுக்கு உலகம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

● உறங்கும் கிருமியை மாத்திரையால் ஒழிக்கலாம் என்று காட்டியது அலாஸ்கா. பெத்தேல் என்ற ஊரைச் சுற்றிய பூர்வகுடிக் கிராமங்கள், பனிப் பிரதேசம், ஒரே அறையில் மொத்தக் குடும்பம். 1950-களின் தொடக்கத்தில் அங்கே குழந்தைகளில் நாலில் ஒரு பங்கு பேருக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொற்று ஏற்பட்டுக்கொண்டிருந்தது. ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர் 1957-ல் 28 கிராமங்களிலும் இரண்டு விடுதிப் பள்ளிகளிலும் ஐசோனியாசிட் மாத்திரையை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். நல்லாயிருக்கிற எங்களுக்கு எதற்கு மாத்திரை என்று மக்கள் கேட்பார்கள் அல்லவா? காம்ஸ்டாக் தானும் விழுங்கினார், மனைவி மக்களுக்கும் கொடுத்தார். மாத்திரை எடுத்த வீடுகளில் காசநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 19 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பாதுகாப்பு போகவில்லை.

● தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டு 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்பார்களே, அதை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? முன்கையின் உள்பக்கம், தோலுக்கு அடியில் போகாமல் தோலுக்குள்ளேயே 0.1 மில்லி மருந்து. ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னக் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது. 48 மணி முதல் 72 மணிக்குள் பார்க்க வேண்டும். சிவப்பு எவ்வளவு பரந்திருக்கிறது என்பது கணக்கில் வராது. தடிப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. அனுபவமுள்ள செவிலியர் ஒரு பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுப்பார். முனை முட்டி நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்தால் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தொற்று உண்டு எனக் கொள்வார்கள்.

இதில் ஒரு வில்லங்கம். பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தொற்று இல்லாமலேயே தடிப்பு வரலாம். மிகவும் மெலிந்தவர்களுக்குத் தொற்று இருந்தும் தடிப்பே வராமல் போகலாம், தடிப்பு வரவும் உடம்பில் தெம்பு வேண்டும். 2022-ல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற சை-டிபி என்ற புதுத் தோல் ஊசியில் பி.சி.ஜி.யால் வரும் குழப்பம் இல்லை.

● 1956-ல் சென்னையில் ஒரு கேள்வி எழுந்தது. காசநோயாளியைச் சானடோரியத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா? 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாரை ஐந்தாண்டு கவனித்தார்கள்; வீட்டில் வைத்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வந்துவிடவில்லை. ஏனென்றால் தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மாத்திரை தொடங்கிய பிறகு ஒதுக்கி வைப்பதில் பயனில்லை. மற்றவர்களைச் சோதிப்பதில்தான் பயன்.

● இந்தியாவில் முன்பு நோயாளி வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே தடுப்பு மாத்திரை. 2021 முதல் வீட்டில் உள்ள எல்லா வயதினருக்கும் உண்டு. ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட், அல்லது வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் இரட்டை மருந்து. எல்லாம் இலவசம்.

தொடங்கும் முன் நோய் ஏற்கெனவே விழித்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விழித்த நோய்க்கு இந்த அளவு மருந்து போதாது. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வார மருந்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் மட்டும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து அதன் பலனைக் குறைத்துவிடும். மஞ்சள் காமாலை அறிகுறி, விடாத வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடிப்பவர்களுக்கு ஈரல் பாதிப்பு அபாயம் அதிகம். விரல் நுனி மரத்துப்போகாமல் இருக்க பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுப்பார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

● விழித்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. முதுகெலும்பைத் தின்றால் கூன், கருக்குழாயை அடைத்தால் மலடி என்ற பட்டம், கண்ணில் வந்தால் பார்வையிழப்பு. ஊரில் எத்தனை பெண்கள் காரணம் தெரியாமலேயே அந்தப் பட்டத்தைச் சுமந்தார்களோ.

● குணமான பிறகும் கணக்கு தீருவதில்லை. நுரையீரலில் தழும்பு, விரிந்து தளர்ந்த மூச்சுக்குழல், பழைய குழிக்குள் வளரும் பூஞ்சை எல்லாம் பின்னால் வரலாம். சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள்கூட, மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிக விகிதத்தில் இறக்கிறார்கள் என்று உலக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மண்வெட்டி பிடித்துப் பிழைப்பவருக்கு மூச்சில் கால் பங்கு குறைந்தால் கூலியிலும் குறையும். தூங்கும்போதே கிருமியை முடித்துவிடுவது லாபம் என்பது இதனால்தான்.

● மேலே சொன்ன தேசியக் கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு எண்கள். அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் எங்கேயும் போய்க் காட்டவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேரை எக்ஸ்ரே மட்டுமே காட்டிக்கொடுத்தது. இருமல், காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு மட்டும் போயிருந்தால் அவர்கள் தப்பிப் போயிருப்பார்கள்.

● உங்கள் வீட்டில் யாருக்காவது கடந்த இரண்டு ஆண்டுக்குள் காசநோய் வந்திருந்தால், குழந்தைகளையும் சர்க்கரை உள்ள பெரியவர்களையும் முதலில் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'வீட்டில் ஒருவருக்கு டி.பி. இருந்தது, எங்களுக்குத் தடுப்பு மாத்திரை வேண்டுமா, பாருங்கள்' என்று நீங்களே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-11-6666.